பெண் சீரோடு போன புத்தகம்



இரண்டு வாரத்துக்கு முன்னால் இங்கே ஒரு சகோதரி, தன் புது மருமகள் ரசம் வைக்கக்கூட செல்போனில் வீடியோ பார்க்கிறாள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன்னா, பதினாலு வருஷத்துக்கு முன்னால் நானும் ரசத்துக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவள்தான். வீடியோவுக்கு வருத்தப்படுகிறவர்கள் அன்றைக்குப் புத்தகத்துக்கும் வருத்தப்பட்டிருப்பார்கள். புத்தகத்தைப் பார்த்து சமைக்கிறாளாம் என்று என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அந்தப் புத்தகத்தை எழுதிய அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 'சமைத்துப் பார்' முதல் பாகம், பழைய பிரதி. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதியது. என் மாமியார் மந்தைவெளியில் குடியிருந்தபோது மாடியில் இருந்த மாமி, பெண்ணோடு டெல்லிக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அட்டை எப்போதோ போய்விட்டது. பக்கங்கள் அப்பளம் மாதிரி ஒடியும். ஓரத்தில் அந்த மாமி பென்சிலால் புளி குறைச்சல், உப்பு ஜாஸ்தி என்று குறித்து வைத்திருக்கிறார். அதன் கீழே என் மாமியார் தன் பங்குக்குக் காரம் போதாது என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் மீன் குழம்பும் உண்டு. அதற்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் இடமில்லை, முழுக்க சைவச் சமையல். ஆனாலும் வெள்ளிக்கிழமை, அமாவாசை, விரத நாள் எல்லாவற்றுக்கும் அதுதான் எங்களுக்கு வாத்தியார்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கணக்கு ஓரளவு வரும். அப்படியும் அந்தப் புத்தகத்தின் ஆழாக்கும் பலமும் என்னை ஆட்டி வைத்துவிட்டன. ஆழாக்கு என்றால் ஒரு படியில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 200 மில்லி. பலம் என்றால் சுமார் 35 கிராம். இது தெரியாமல் காபி டம்ளரில் கடலை மாவை அளந்து, சர்க்கரையை வேறொரு டம்ளரில் அளந்து முதல் தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறினேன் பாருங்கள். பாகு ஒற்றைக் கம்பியைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. தட்டில் கொட்டி அரை மணி கழித்துப் பார்த்தால் கருங்கல். என் கணவர் சுத்தியல் எடுத்து உடைத்தார். மறுபடி செய்தபோது பயந்துபோய் சீக்கிரம் இறக்கிவிட்டேன், அது அல்வா ஆகிவிட்டது. அப்புறம்தான் மாமியார் பரணிலிருந்து பித்தளை ஆழாக்கை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மாவு, சர்க்கரை, நெய் மூன்றுக்கும் ஒரே அளவுப் பாத்திரம் என்ற சின்ன விஷயம் அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் ஏறியது. நெய்யைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நுரைத்துப் பூத்து வரும்போது இறக்கணும். இரண்டு நிமிஷம் முன்னே பின்னே போனால் தொலைந்தது. இப்போது தைரியமாகச் செய்வேன்.

அந்த அம்மா எழுதின காலத்தில் வீடுகளில் விறகடுப்பும் கரிக் குமுட்டியும்தான். நம்ம கேஸ் அடுப்பில் அதே பதத்துக்கு நேரம் குறைச்சலாக ஆகும். இதை மனசில் வைத்துக்கொண்டால் அந்தப் புத்தகம் யாரையும் கைவிடாது.

சரி, அவர் வாழ்க்கைக்கு வருகிறேன். மீனாட்சி அம்மாள் பிறந்தது 1905-ல். மகாகவி பாரதியார் 1921-ல் திருவல்லிக்கேணியில் காலமானபோது இவருக்குப் பதினாறு வயசு. பெண்ணுக்குக் குறைந்தது பதினாலு வயசு ஆகணும் என்று சொன்ன சாரதா சட்டம் 1929-ல் வந்தது. அதற்குள் கல்யாணமும் ஆகி, அந்தக் கல்யாண வாழ்க்கை முடிந்தும் போன தலைமுறை இவர். இருபது வயசு தாண்டின சில வருஷத்திலேயே கணவர் இறந்துவிட்டார். கையில் சின்னஞ்சிறு மகன். கூடவே மாமியார், சின்னப் பையனான கொழுந்தனார். இத்தனை பேரும் இவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் நிலைமை என்ன என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். வளையல் போகும், குங்குமம் போகும், சில வீடுகளில் தலைமுடியும் போகும். ராத்திரி சோறு கிடையாது. விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்தாச்சு, ஆனால் ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. கூட்டுக் குடும்பத்தில் கணவன் பங்கில் விதவைக்கு ஏதோ ஒரு உரிமை என்று சட்டம் சொன்னதே 1937-ல்தான். அதுவும் ஆயுள் மட்டும் அனுபவிக்கலாம் என்கிற அரைகுறை உரிமை. முழு உரிமைக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் சாப்பாட்டுக்கும் துணிக்கும் யாராவது கொடுத்தால் உண்டு. நல்ல காரியம் என்றால் எதிரே வரக்கூடாது. ஆனால் பாருங்கள், அதே நல்ல காரியத்துக்கு நூறு பேருக்குச் சமைக்கிறது யார்? உள்ளே அந்த அம்மாதான். ஒருவேளை சாப்பிடுகிறவள் கையால்தான் மூன்று வேளையும் வீடு சாப்பிட்டது. சமையற்கட்டில் இருந்து மட்டும் அவளை யாரும் விரட்டவில்லை.

இந்த மெட்ராஸிலேயே அப்போது இன்னொரு வழியும் திறந்திருந்தது. தானே சின்ன வயசில் விதவையான சிஸ்டர் சுப்புலட்சுமி, பால்ய விதவைப் பெண்களுக்காக 1912-ல் ஒரு இல்லம் ஆரம்பித்தார். பிறகு அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. இப்போது விவேகானந்தர் இல்லம் என்று நாம் குழந்தைகளைக் கூட்டிப் போகிறோமே, அதே கட்டடம்தான். அங்கே தங்கிப் படித்து டீச்சர் ஆனவர்கள் எத்தனையோ பேர். மீனாட்சி அம்மாள் போனது அந்த வழியில் இல்லை. தன் வீட்டுச் சமையற்கட்டிலேயே இருந்துகொண்டு, அங்கே தெரிந்துகொண்டதை வைத்தே வெளியே வந்தார். அதற்குப் பல வருஷம் ஆச்சு. அவர் கை மணம் உறவுக்குள் பிரசித்தம். குழம்புக்கு என்ன, ஊறுகாய்க்கு என்ன என்று உறவுப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதையெல்லாம் எழுதிப் புத்தகமாகப் போடேன் என்று சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். பேர் பெற்ற வக்கீல். ஒரு ஆண்பிள்ளை, அதுவும் பெரிய வக்கீல், சமையலை எழுதி வைக்கிற விஷயமாக மதித்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-ல் வந்தது. அப்போது அவருக்கு 46 வயசு. இந்த 46-ஐ கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது. ராஜாஜி முதல் மந்திரியாக வந்து 1952-ல்தான் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசியை எண்ணிப் போட்ட நாளில் சமையல் புத்தகமா என்று யாராவது கேட்டிருக்கலாம். எனக்கென்னவோ அப்படிப்பட்ட நாளில்தான் அளவு ரொம்ப முக்கியம் என்று தோணுது. கண் அளவாகப் போட்டுக் கெட்டுப்போனால் குப்பையில் கொட்ட முடியுமா?

அதற்கு முன்னாலும் பாக சாஸ்திரம் என்ற பேரில் தமிழில் சமையல் புத்தகம் வந்ததுண்டு. ஆண்கள் எழுதியது. இந்த அம்மா எழுதினது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்கிற மாதிரி. முதலில் வேண்டிய சாமான்களை அளவோடு எழுதிவிடுவார். அப்புறம் எது முதலில், எது பின்னால் என்று வரிசையாகச் செய்முறை. நம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? உப்பு அளவாப் போடு, புளி திட்டமாக் கரை, பதமா இறக்கு. அளவு எவ்வளவு, திட்டம் எது, பதம் எது என்று சொல்ல மாட்டார்கள். கேட்டால், பழகினா தானா வரும் என்பார்கள். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இருக்கிறவளுக்குத் தானாக வரும். கல்யாணமான மறுமாசமே புருஷனோடு பம்பாய்க்கோ டெல்லிக்கோ ரயில் ஏறினவளுக்கு? அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் உத்தியோகத்துக்கு வெளியூர் கிளம்பினார்கள். கூட்டுக் குடும்பம் உடைந்து, ஒற்றை அறையில் குமுட்டியை வைத்துக்கொண்டு பதினெட்டு வயசுப் பெண் தனியாக நின்றாள். அவளுக்குப் பெட்டியில் அம்மா வைத்து அனுப்பினது இந்தப் புத்தகம்.

பேரைப் பாருங்கள். இப்படிச் செய் என்று அதிகாரம் இல்லை, நான் சொல்வதே சரி என்ற கர்வமும் இல்லை. செய்து பாரேன், வரும் என்று தோளில் கை வைத்துச் சொல்கிற பேர்.

புத்தகத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் தாமே வெளியிட்டார். இன்றைக்கும் மயிலாப்பூரில் அவர் பேரிலேயே பதிப்பகம் இருக்கிறது. முதல் பாகத்தில் சாம்பார், குழம்பு, ரசம், கறி, கூட்டில் இருந்து பலகாரம், ஊறுகாய் வரை அன்றாடத் தேவை எல்லாம் இருக்கும். அடுத்து இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்தது. ஆங்கிலத்தில் 'குக் அண்ட் ஸீ' என்று வந்தது, வேறு சில மொழிகளிலும் போயிருக்கிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பையன்கள்கூடப் பெட்டியில் எடுத்துப் போனார்கள். மூன்று பாகமும் முடித்துவிட்டு 1962-ல், 57 வயசில் அந்த அம்மா காலமானார். முதல் புத்தகம் வந்து பதினோரு வருஷம்தான். பிற்பாடு குடும்பத்தாரே நாலாம் பாகமும் கொண்டுவந்தார்கள். பேத்தி பிரியா ராம்குமார் இந்தக் காலத்து அளவுகளுக்கு ஏற்ப ஒரு தொகுப்பு செய்து, 2001-ல் பெங்குயின் கம்பெனி ஆங்கிலத்தில் போட்டது. ஆழாக்கோடு மல்லுக்கட்ட முடியாத சகோதரிகள் அதைப் பார்க்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் நாத்தனார் பெண் ஒரு இங்கிலீஷ் படத்தைப் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்று ஒரு அம்மா. பாரிஸில் போய் பிரெஞ்சு சமையல் கற்றுக்கொண்டு, இரண்டு தோழிகளோடு சேர்ந்து பெரிய புத்தகம் எழுதி 1961-ல் வெளியிட்டாராம். அந்தப் புத்தகத்தில் இருந்த 524 அயிட்டத்தையும் ஒரே வருஷத்தில் ஒரு பெண் தன் வீட்டில் செய்து பார்த்த கதைதான் படம். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோதே மனசில் ஒரு கணக்கு ஓடியது. ஜூலியாம்மாவுக்குப் பக்கத்தில் கை தட்ட கணவர் இருந்தார், சமையல் கற்றுக்கொடுக்கப் பேர் பெற்ற ஸ்கூல் இருந்தது, பிறகு டி.வி. வந்தது. அவர் புத்தகம் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் நம்ம ஊரில் இவர் தனியாக இதைச் செய்து முடித்திருந்தார். இவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லையே என்று நாத்தனார் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் பாகத்தை நான் ரொம்ப நாள் பார்த்ததில்லை. போன வருஷம்தான் தி.நகரில் ஒரு கடையில் மற்ற இரண்டு பாகத்தையும் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் அதில் பண்டிகை, கல்யாணம், வீட்டு விசேஷங்கள் எல்லாம் இருக்கிறது. எந்த விசேஷத்துக்கு என்னென்ன முறை, கல்யாணத்துக்கு என்னென்ன சாமான் என்று ஒரு வீட்டுப் பெரியவள் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. படித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். யார் எழுதினது இது? அந்தக் காலத்து வழக்கப்படி மணையில் பெண் உட்காரும்போது முன்னால் நிற்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களில் ஒருத்தி. அவர் எழுதினதைப் பார்த்துத்தான் எத்தனையோ வீட்டில் சுமங்கலிகள் சீர் வரிசை வைத்தார்கள். குடம், குத்துவிளக்கு, வெள்ளித் தட்டோடு இவர் புத்தகமும் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போனது. யாரும் அதை அபசகுனம் என்று எடுத்து வைக்கவில்லை.

என் கூடப் பிறந்த அக்காவுக்கு 41 வயசு. அத்தான் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன். போன ஆவணியில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். முந்தின நாள் நலங்குக்கு எல்லோரும் பெண்ணுக்குச் சந்தனம் பூசும்போது அக்காவும் ஆசையாகக் கிட்டே போனாள். வயசான உறவுக்காரர் ஒருத்தர், நீ போய் சமையல் ஆள் என்ன செய்யறான்னு பாரேன்மா என்று ரொம்பப் பிரியமாகச் சொன்னார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சமையல்காரர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் மாமியாரும் அங்கேதான் இருந்தார், அவரும் திறக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு முள்ளாகக் குத்துது.

ஒரு மாசம் கழித்து முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு அடையாறு போனேன். அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வயசுக்கு மேலே நான் என்னடி செய்யப் போறேன் என்றாள். அப்போதுதான் அந்த 46-ஐ சொன்னேன். உனக்கு இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருக்கு என்றேன். அத்தான் போன பிறகு அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். இப்போது அவர்கள் குடியிருப்பில் ஏழெட்டு வீட்டுக்கு ரசப்பொடியும் பருப்புப்பொடியும் மாசாமாசம் அரைத்துக் கொடுக்கிறாள். முதல் மாசம் கண் அளவில் போட்டு ஒரு வீட்டுக்குக் காரம் ஏறிவிட்டது, பொடி திரும்பி வந்தது. இப்போது தராசு வாங்கிவிட்டாள். ஒவ்வொரு முறையும் மிளகாய் எத்தனை கிராம், தனியா எத்தனை கிராம், வறுத்த நேரம் எத்தனை நிமிஷம் என்று பையனுடைய பழைய நோட்டில் எழுதுகிறாள். எங்கள் அம்மாவின் கத்தரிக்காய் பொடிக்கறியையும் அதில் ஏற்றிவிட்டாள். அம்மா கடைசிவரை அளவு சொல்லவே இல்லை. ஆறு தடவை செய்து பார்த்து அக்கா கண்டுபிடித்தாள். ஏழாவது தடவை சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருகிற தை மாசம் அந்த நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு புனேயில் வேலை. சீர்த் தட்டில் மூன்று பாகமும் வைக்க வேண்டும் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தட்டை எடுத்துப் பெண் கையில் கொடுக்கப் போவது என் அக்கா என்று போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நாத்தனார் தலையை ஆட்டினாள். என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டு, புத்தகத்துக்கெல்லாம் பிரவுன் தாளில் அட்டை போட்டாச்சா, இல்லேன்னா எண்ணெய்க் கறை ஏறிடும் என்று மட்டும் கேட்டார்.

– ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை-4.